பரவாயில்லை என்று யாரும் சொல்லக் கூடாத வார்டு

ஷமீமா, யூசுப்,

போன வாரம் யூசுப் தன் சிநேகிதனுடைய அப்பாவைப் பார்க்க, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். வந்ததும் வராததுமாக, "அத்தா, உங்க பழைய வார்டு வாசல்ல ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருக்காங்களே, அது எதுக்கு? ஏதாவது கப்பு ஜெயிச்சீங்களா?" என்று கேட்டான். போனில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஷமீமா கொட்டிவாக்கத்திலிருந்தே சிரித்தாள். "பெட்ஷீட் மடிக்கிறதுல அத்தாதான் ஃபர்ஸ்ட் பிரைஸ்" என்றாள்.

நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு மனிதருடைய கால் இருக்கிறது, கொஞ்சம் சாம்பாரும் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் உங்களுக்கு வேறு கால் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

ஆரம்பத்தில் நான் உங்கள் பெரியத்தாவின் பை தைக்கிற கடையில் ஜிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். ஜிப்பு என்னோடு ஒத்துவரவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற அந்த ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். வார்டு பாய் வேலை கொடுத்தார்கள். பேர் காதர் என்றதும், "அப்ப நீ ரெண்டு விதத்துலயும் பாய்" என்றார் ஆபீஸில் இருந்தவர். சில ராத்திரிகளில் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்ததையும் சேர்த்தால் மூன்று விதம். தலை நரைத்த பிறகும் பாய்தான். படுக்கை விரிப்பது, நோயாளியைப் புரட்டிப் போடுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, குளிக்க வைப்பது எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் சோதனை என்றால் பினாயில் வாசனை வரும், அவ்வளவுதான். யாராவது பெரியவர்கள் வருகிற அன்று தரையைத் துடைப்போம், புது விரிப்பு போடுவோம், உடைந்த பக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோம். வந்தவர்கள் மூக்கால் இழுத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்று போய்விடுவார்கள். படுத்திருப்பவனைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

புதிதாக வந்த மேட்ரன் அதை மாற்றினார். இனிமேல் வார்டுக்கு வார்டு தரச்சான்று என்றார். ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் ஒரு சான்று வாங்கி வாசலில் மாட்டினால் போதாது. ஒவ்வொரு வார்டும் தனியாகப் பரீட்சை எழுத வேண்டும். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மாக்கள் வந்து பார்ப்பார்கள். பேப்பரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் நோயாளி பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்பார்கள். முதுகில் படுக்கைப்புண் வந்திருக்கிறதா, பெல் அடித்தால் ஆள் வருகிறதா, யாராவது கீழே விழுந்தார்களா, வலி என்று சொன்னால் அதற்கு என்ன செய்தார்கள், எல்லாம். தேறிய வார்டு வாசலில் தகடு. தேறாத வார்டு வாசலில் வெறும் சுவர்.

எங்கள் வார்டு எலும்பு முறிவு வார்டு, ஆண்கள் பக்கம். அதற்குப் பொறுப்பு தனலட்சுமி சிஸ்டர். வடபழனிக்காரர், வீட்டுக்காரர் சினிமாவில் லைட் தூக்குகிறவர். சிஸ்டரை நான் சத்தம் போட்டுப் பார்த்ததே இல்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. "அப்புறம்?"

"சிஸ்டர், அவருக்கு உடம்பு துடைச்சு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"சட்டை மாத்திட்டேன்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன? அங்கேயே நின்று யோசிப்பேன். முதுகைப் பார்க்கவில்லை என்பது ஞாபகம் வரும். ஓடுவேன். அவர் சிரிக்கக்கூட மாட்டார், கையிலிருக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக வருகிற டாக்டர் பிள்ளைகளுக்கும் அதே "அப்புறம்?"தான். ஒரு டாக்டர், "எங்க வீட்டுல மாமியார்கூட இப்படிக் கேக்க மாட்டாங்க சிஸ்டர்" என்றார். "அப்புறம்?" என்றார் சிஸ்டர்.

பரீட்சை நாள் தெரிந்ததும் வார்டே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. சிஸ்டர் மட்டும் எதையும் மறைக்க விடவில்லை. உடைந்த பக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப் போனேன். பார்வையாலேயே அதை எடுத்து வெளியே வைக்கச் சொன்னார்.

இப்போது இரண்டு நோயாளிகளை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

ஒருவர் ஆட்டோ மணி. ஆற்றோரத்திலிருந்து வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் ஆட்டோ ஓட்ட மட்டும் தினமும் மயிலாப்பூருக்கே வந்துகொண்டிருந்தவர். வலது கை முறிந்து படுத்திருந்தார். படுத்திருந்தார் என்பது பேச்சுக்குத்தான். நாள் முழுக்க கட்டில் கட்டிலாகப் போய்ப் பஞ்சாயத்து.

இன்னொருவர் வைத்தா மாஸ்டர். மாட வீதிக்காரர், கல்யாணச் சமையல். மண்டபத்துப் படியில் அண்டாவோடு வழுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. வீக்கம் வடியட்டும் என்று சில நாள் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். பரீட்சைக்கு முந்தின சாயங்காலம்தான் காலைச் சுற்றி முழு மாவுக்கட்டு போட்டார்கள். சமையல்காரருக்குக் கால்தான் பிழைப்பு. அடுப்புக்கு முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். "நான் மறுபடி நிப்பேனா பாய்?" என்று என்னிடம் தினம் ஒரு தரம் கேட்பார். "பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டு ஓடுவீங்க மாஸ்டர்" என்பேன்.

சாம்பார் என்றால் அவருக்குத் தனி மரியாதை. ஆஸ்பத்திரி சாம்பாருக்குத் தினம் ஒரு தீர்ப்பு சொல்லாமல் தட்டைத் திருப்பிக் கொடுக்க மாட்டார். "பெருங்காயம் போறாது." "பருப்பு வேகறதுக்குள்ள யாரோ அவசரப்பட்டிருக்கா." "இன்னிக்கு இதப் பண்ணினவன் ஆத்துல ஏதோ சண்டை." கேன்டீன் ஆள் காலையில் வந்து பயந்துகொண்டே நிற்பான். மற்ற எல்லாவற்றிலும் மாஸ்டர் பரம சாது. யாருக்கும் சிரமம் கொடுக்க மாட்டார். என்ன கேட்டாலும் "பரவாயில்லை". தண்ணீர் வேணுமா? பரவாயில்லை. ஃபேன் போடவா? பரவாயில்லை.

மாவுக்கட்டு போட்ட காலுக்கு ஒரு பார்வை உண்டு. "விரல் பார்த்தாச்சா?" என்று எங்கள் வார்டில் கேட்போம். உள்ளே கால் வீங்கினால் கட்டு இடம் கொடுக்காது. வீக்கம் உள்பக்கமாகவே நெருக்கும், சதைக்கு ரத்தம் போகாது. கண்டுபிடிக்காமல் விட்டால் சதை செத்துப்போகும். அதனால் கட்டுக்கு வெளியே தெரிகிற கால்விரல்களை நர்ஸ் அடிக்கடி பார்க்க வேண்டும். புறங்கையால் தொட்டு, அடுத்த கால் அளவுக்குச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி ஒரு விரலைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்பார்கள். ஆட்டிக் காட்டச் சொல்வார்கள். கடைசியாக நர்ஸே விரலைப் பிடித்து மெதுவாக மேலே மடக்கிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வலி எப்படி என்று கேட்க வேண்டும். ஏனென்றால் நிறமும் சூடும் ரொம்ப நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும். முதலில் வந்து கதவைத் தட்டுவது வலிதான்.

பரீட்சை அன்று காலை. மணி தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னிக்கி நம்ம சிஸ்டருக்குப் பரீட்சை. வெளியேர்ந்து மேடம்லாம் வர்றாங்க. இன்னா கேட்டாலும் சூப்பரா கீதுன்னு சொல்லணும். எவனாச்சும் அய்யோ அம்மான்னு கத்தினீங்கன்னு வை, அப்பால நானே வந்து ஊசி போடுவேன்."

"உனுக்கே கை ஒடைஞ்சு கீது. நீ எப்டி நைனா போடுவ?" என்றது எதிர்க் கட்டில்.

"லெஃப்ட்ல போடுவேன். இன்னும் நல்லா வலிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். நானும் விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டே சிரித்தேன். சின்ன நர்ஸ் பெண் அனிதா மாஸ்டரிடம் வந்து விரல் பார்த்தது. நிறம் சரி, சூடு சரி. "வலி எப்படி இருக்கு மாஸ்டர்?" "பரவாயில்லைம்மா." சரி, குறைந்திருக்கிறது என்று அந்தப் பெண் விரலை மடக்கிப் பார்க்காமலே எழுதிக்கொண்டு போனது. அந்தப் பரவாயில்லையை அப்படி எடுத்துக்கொண்டது தப்பென்று யார் சொல்ல முடியும்? நீங்களோ நானோ இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்போம்.

மேடம் வந்தார். ஒல்லியான அம்மா, கைத்தறிப் புடவை, கண்ணாடி கழுத்தில் கயிற்றோடு தொங்கியது. கூடவே இன்னொரு இளம் நர்ஸ். முதலில் மணியிடம்தான் போனார்.

"பெல் அடிச்சா வர்றாங்களா?"

"அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்துடறாங்க மேடம்."

"அது எப்படி?"

"மனசுல நெனச்சாலே போதும்."

வார்டு சிரித்தது, அந்த அம்மா சிரிக்கவில்லை. "இப்ப நெனைங்க பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. மணியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு பெல்லை அழுத்தச் சொன்னார், அனிதா ஓடி வந்தது. மணிக்கு உயிர் வந்தது.

அடுத்தது மாஸ்டர்.

"வலி எப்படி இருக்குங்க? ஒண்ணுமே இல்லன்னா சைபர், தாங்கவே முடியலன்னா பத்து."

"பரவாயில்லை மேடம். ஒரு ரெண்டு போட்டுக்கோங்கோ."

"நான் போட்டுக்கிறதா? வலி உங்களோடதாச்சே."

"அப்போ ஒண்ணு போட்டுக்கோங்கோ. இங்க எல்லாரும் தங்கமாப் பாத்துக்கறா."

மேடம் எழுதிக்கொண்டார். அடுத்த கட்டிலுக்கு ஒரு அடி வைத்தார். பின்னால் நின்றிருந்த சிஸ்டர் நகரவில்லை. சாதாரணமாக, வீட்டில் விசாரிக்கிற மாதிரி கேட்டார்: "மாஸ்டர், இன்னைக்கு சாம்பார் எப்படி இருந்துச்சு?"

"நன்னா இருந்ததும்மா."

சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். நன்றாக இருந்ததாமே!

"பாய், மாஸ்டர் சாப்பிட்டாரா?"

"இல்ல சிஸ்டர். தட்டு அப்படியே வந்துச்சு. ஏகாதசியோ என்னவோன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"தலையணை உறை ஈரமா இருந்துச்சு. மாத்திட்டேன்."

"அப்புறம்?"

நான் மேலே பார்த்தேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொன்னேன். "ஃபேன் ஓடுது சிஸ்டர். ஆனா வேர்த்துக்கிட்டிருக்கு."

சிஸ்டர் மாஸ்டர் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "மாஸ்டர், இது எந்தப் பரவாயில்ல? வலி கொறஞ்சிருக்குங்கிற பரவாயில்லயா, என்னை விட்டுட்டு உங்க வேலையப் பாருங்கங்கிற பரவாயில்லயா?"

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு மெல்ல, "உங்களுக்கு இன்னிக்குப் பரீட்சை ஆச்சேம்மா... என்னால ஒரு மார்க் கொறையப்படாதுன்னு..." என்றார்.

சிஸ்டர் அவருடைய கட்டைவிரலை இரண்டு விரலால் பிடித்து மேல்பக்கமாகக் கொஞ்சமே கொஞ்சம் மடக்கினார். மாஸ்டர் போட்ட சத்தம் கீழே மருந்துக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். அவ்வளவு நேரம் அதை எங்கே வைத்திருந்தாரோ.

அதற்கப்புறம் எல்லாம் சடசடவென்று நடந்தது. "காலுக்கு அடியில இருக்கிற தலையணைய எடுங்க பாய், கால் நெஞ்சு மட்டத்துல இருந்தா போதும்." எடுத்தேன். அனிதா டாக்டருக்குப் போன் போட்டது. நான் கட்டு வெட்டுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மேடத்தோடு வந்த இளம் நர்ஸ், "நாங்க வேணும்னா வெளியில இருந்துட்டு அப்புறமா வரோமே" என்றது. பாவம், நல்ல மனசோடுதான் சொன்னது. வெளியே போய்விட்டால் அவர்கள் பேப்பரில் "ஒன்று" என்பதுதான் இருக்கும். தகடும் வந்துவிடும். அது எல்லோருக்கும் தெரியும்.

"இல்லம்மா, நில்லுங்க. இதுவும் எங்க வார்டுதான். பார்த்து எழுதுங்க" என்றார் சிஸ்டர்.

டாக்டர் ஓடி வந்தார். கட்டு அறுக்கிற ரம்பம் மின்சாரத்தில் ஓடுவது, மிக்ஸி மாதிரி கத்தும். மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கால எடுக்கப் போறேளா?" என்றார். டாக்டர் ஓடுகிற ரம்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அது சுற்றாது, இடமும் வலமுமாக ஆடும், தோலை வெட்டாது. இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ் வரை மாவை அறுத்தார். அது மட்டும் போதாது, உள்ளே சுற்றியிருக்கிற பஞ்சும் இறுக்கும். அதையும் கத்தரியால் தோல் தெரிகிற வரைக்கும் வெட்டினார். கீழ்ப்பாதி காலைத் தாங்கிக்கொண்டு இருந்தது. மேல்பாதியைத் தூக்கினார். கால் பூரி மாதிரி எழும்பி நின்றது.

டாக்டர் தொட்டுப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார், பிறகு விரலை மடக்கினார். மாஸ்டர் முகம் சுளித்தார், ஆனால் கத்தவில்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"இப்ப எப்படி இருக்கு? பரவாயில்லன்னு சொன்னா அடி விழும்" என்றார் சிஸ்டர்.

மாஸ்டர் யோசித்தார். "ஆறு இருக்கும். முன்னாடி பத்துக்கு மேலே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சாம்பார்ல புளி ஜாஸ்திம்மா. வாசனையிலயே தெரிஞ்சுது" என்றார்.

வார்டு அதிர்ந்தது. சிஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்று முழுக்க டாக்டர் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். சரியான நேரத்தில் திறந்துவிட்டோம், கத்தி வைக்க வேண்டியதில்லை என்றார். கால் பிழைத்தது. வார்டு ஃபெயில். வலியைக் கவனிக்கிற பகுதியில் மார்க் போய்விட்டது. அந்தப் பகுதி போனால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தகடு கிடையாது. மேடம் எங்களை சிஸ்டர் அறையில் நிற்கவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி கட்டுக் கையோடு உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா மேடம் இது? ஒரு மன்சன் காலக் காப்பாத்திக் கீறாங்க. அவங்களுக்குப் போய் ஃபெயில் போடுறியே, நாயமா?"

மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "காப்பாத்தினதுக்கு மார்க் போட்டிருக்கேன் தம்பி. காப்பாத்த வேண்டிய அளவுக்குப் போனதுக்குத்தான் கொறைச்சிருக்கேன். சரி, மாஸ்டர்கிட்ட எல்லாம் கேட்டேன். சூப்பரா கீதுன்னு சொல்லச் சொன்னது யாரு?"

மணி தலையைச் சொறிந்துகொண்டே போய்ப் படுத்தார். இந்தத் தடவை நிஜமாகவே படுத்தார்.

மறுநாள் சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டு, இந்த வார்டில் இனிமேல் "பரவாயில்லை" ஒரு பதில் இல்லை என்றார். நோயாளி அப்படிச் சொன்னால் "எது பரவாயில்ல?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். எனக்கும் சொன்னார், துடைக்கிற அம்மாவுக்கும் சொன்னார். முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. நோயாளிகளே ஒருவரையொருவர் மடக்க ஆரம்பித்தார்கள். மேட்ரன் அதை எல்லா வார்டுக்கும் சொல்லிவிட்டார். யூசுப், பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டால் நீ பரவாயில்லை என்பாய், நான் விடாமல் எது பரவாயில்லை என்று துளைப்பேன், நீ உன் அம்மாவிடம் போய் முறையிடுவாய். அதற்கெல்லாம் காரணம் மாஸ்டர்தான்.

அடுத்த தடவை மேடம் வந்தபோது தேறினோம். தகட்டை மாட்ட ஆணி அடித்தது நான்தான். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், போனால் பாருங்கள். அந்த வாரமே மாஸ்டர் வந்தார், கோல் இல்லாமல், இரண்டு காலில் நடந்து, பெரிய தூக்கு நிறைய சாம்பாரோடு. எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, சிஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிஸ்டர் ஒரு வாய் குடித்தார். "பரவாயில்ல" என்றார்.

"எது பரவாயில்ல?" என்று வார்டே கத்தியது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. ஃபெயில் ஆன அந்தச் சாயங்காலம், வெட்டி எடுத்த மாவுக்கட்டின் மேல்பாதி வண்டியிலேயே கிடந்தது. அதை ஆஸ்பத்திரிக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுக் கட்டி அனுப்புவது என் வேலை. கழிவு அறையில் வேறு யாரும் இல்லை. கையுறையோடு தூக்கினேன். வீட்டு ஓடு மாதிரி வளைந்து, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, பேன்ட்டுக்கு மேலேயே என் காலில் அதை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. இரண்டு கையாலும் அழுத்தினேன். எலும்பில் படுகிற வரைக்கும், வலிக்கிற வரைக்கும் அழுத்தினேன்.

"பரவாயில்லை" என்று சொல்லிப் பார்த்தேன். சுலபமாக வந்தது. இன்னும் பலமாக அழுத்திக்கொண்டு மறுபடி சொன்னேன். அப்போதும் சுலபமாகத்தான் வந்தது.

கையை எடுத்தேன். பையில் போட்டேன், வாயை இறுக்கிக் கட்டினேன். குழாயடிக்குப் போய் விரல் இடுக்கு விடாமல் கையைக் கழுவினேன். பிறகு மாஸ்டருடைய விரலைப் பார்க்க வார்டுக்குப் போனேன்.